பாடத்தில் இடக்கண், பரீட்சையில் வலக்கண்

தொண்ணூற்றெட்டு என்கிறான், இவனும் தொண்ணூற்றெட்டு. கூடப் படிக்கிற ஜெபசிங் எங்கள் பக்கம் திரும்பாமல் திரையைப் பார்த்தே சொல்கிறான், கூடவே புள்ளி நாலு என்றும் சேர்த்துக்கொள்கிறான், பாடம் நடத்திய திரவியம் சார் கண்ணை மூடித் தலையை ஆட்டுகிறார், கச்சேரி கேட்கிறவர் போல. பக்கத்து நாற்காலியில் எங்களைப் பரீட்சை செய்ய வெளியூரிலிருந்து வந்திருக்கும் எக்ஸ்டர்னல் மேடம் அதை எழுதிக்கொள்கிறார். காலையிலிருந்து அந்த அம்மாள் இதே எண்ணைத்தான் எழுதுகிறார், கை அலுக்காதா, முதல் ஆளுக்கு எழுதிவிட்டு மற்றவர்களுக்கெல்லாம் மேற்படி என்று போட்டுவிடலாம். வகுப்பு மொத்தமும் ஒரே மாவில் வார்த்த தோசை. இனி நான் ஒருத்திதான் பாக்கி, பார்ட் டைம் என்பதால் வரிசையில் கடைசி, என்னிடம் இருப்பது எழுபத்தொன்று. நூறு கண் படங்களைக் காட்டினால் நான் கம்ப்யூட்டரில் பழக்கிய நரம்பு வலை எழுபத்தொன்றைத்தான் சரியாகச் சொல்லும், இந்தக் கண்ணில் சர்க்கரை கை வைத்திருக்கிறது, இந்தக் கண்ணில் வைக்கவில்லை என்று, மீதியில் உளறும். அதை மறைக்கப் போவதில்லை. மறைக்கப் போவதில்லை என்று பஸ்ஸிலும் சொல்லிக்கொண்டேன், பாத்ரூம் கண்ணாடி முன்னாலும் சொல்லிக்கொண்டேன், இத்தனை தடவை சொல்ல வேண்டியிருக்கிறதே, அப்படியானால் எனக்கே என் மேல் நம்பிக்கை இல்லையா என்ன. ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி போட்டிருக்கிறார்கள், ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, அடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி. செயற்கை அறிவு சொல்லிக்கொடுக்கிற துறையில் ஏசிக்கு வாளி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துச் சிரிப்பு வருகிறது, சிரிப்பை அடக்கியதும் அதன் அடியில் பயம்தான் இருக்கிறது.

பயம் எதற்கு என்று எனக்குத் தெரியும். திரவியம் சார் கையெழுத்துப் போட்டால்தான் இந்தப் பாடத்தில் பாஸ், இந்தப் பாடம் பாஸானால்தான் எம்.ஈ., ஜூனுக்குள் எம்.ஈ. முடித்தால்தான் கோவில்பட்டிப் பாலிடெக்னிக்கில் என் வேலை நிற்கும். எங்கள் பிரின்சிபால் கெட்டவர் இல்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார், "நீங்க முடிச்சிட்டு வாங்க மேடம், இல்லன்னா நாங்க வேற ஆளப் பாத்துக்கிடுதோம்" என்று. சிரித்துக்கொண்டே சொல்கிறவர்களை நம்பி எதிர்த்துப் பேசவும் முடியாது. திரவியம் சார் சிரிக்கவில்லை. நேற்று போனில் நேராகவே விஷயத்துக்கு வந்துவிட்டார். "ஏம்மா, எல்லாருக்கும் வருது, உங்களுக்கு மட்டும் வரலன்னா தப்பு எங்க இருக்கு?" நான் சொல்ல ஆரம்பித்தேன், சார், கண் படங்கள் இருக்கிற அந்த ஃபோல்டரில் என்று. "ஃபோல்டரெல்லாம் சரியாத்தான் இருக்கு, அத வச்சு நாலு வருசமா பிள்ளைங்க செய்யுது, நானே அத வச்சு ஆராய்ச்சிப் பேப்பர் போட்டிருக்கேன். நீங்களும் ஒரு டீச்சரு. உங்களுக்கு நான் சொல்லணுமா? பழைய மாதிரியே பிரிச்சு ஓட்டுங்க, தொண்ணூத்தெட்டு வரும், கையெழுத்துப் போட்டுருதேன்." டீச்சர் என்று அவர் சொன்னது எனக்குச் சுட்டது. முதல் நாள் நான் இந்த ஹாலுக்குள் நுழைந்தபோது பிள்ளைகள் எல்லாரும் எழுந்து குட்மார்னிங் மேடம் என்றார்கள், நான் போய்ப் பின்பெஞ்சில் உட்கார்ந்ததும் ஒரே சிரிப்பு. சிரிக்கட்டும். கிரேடியன்ட் என்றால் என்ன என்று கேட்டு சார் என்னைத்தான் முதலில் எழுப்பினார், பிளஸ் டூ வரைக்கும் தமிழில் படித்தவள், எனக்குள் வகைக்கெழு, சாய்வு, மலைச்சரிவு எல்லாம் வரிசையாக வந்து நின்றன, ஆங்கிலம் மட்டும் வரவில்லை. சரிவில் எந்தப் பக்கம் காலை வைத்தால் சீக்கிரம் கீழே இறங்கலாமோ அந்தப் பக்கம் என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். "தமிழ் லெக்சர் அடுத்த பில்டிங்" என்றார். அடுத்த மாதத் தேர்வில் அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் எனக்கு ஒருத்திக்குத்தான். அதையும் அவர்தான் போட்டார், போடாமல் என்ன செய்வார்.

எனக்குப் பிடித்துத்தான் இதைப் படித்தேன், அதை யாரும் நம்ப மாட்டார்கள். இன்க்ரிமென்ட்டுக்குப் படிக்கிறாள் என்பார்கள். அடுக்கடுக்காக வலை, ஒவ்வொரு அடுக்கும் தனக்கு வந்ததைக் கொஞ்சம் கூட்டிக் கொஞ்சம் குறைத்து அடுத்த அடுக்குக்குத் தள்ளிவிடும், கடைசி அடுக்கு ஒரு பதிலைச் சொல்லும், பதில் தப்பானால் அங்கேதான் அழகு. தப்பு பின்னாலிருந்து ஒவ்வொரு அடுக்காக முன்னால் போகும், உன்னால் இவ்வளவு, உன்னால் இவ்வளவு என்று அவரவர் பங்கைக் கணக்காக அவரவரிடம் கொடுத்துவிட்டுப் போகும், வாங்கிக்கொண்டு எல்லாம் ஒரு இம்மியாவது திருந்தும். முதல் தடவை அந்தக் கணக்கைக் கையால் போட்டுப் பார்த்தபோது நான் குக்கரை மறந்துவிட்டேன், பருப்பு தீய்ந்துபோனது. எங்கள் காலேஜில் தப்பு அப்படிப் போய் நான் பார்த்ததில்லை, இங்கே தப்பு எப்போதும் மேலேயிருந்து கீழேதான் இறங்கும், கடைசியில் நிற்கிறவள் தலையில் மொத்தமாக இறக்கிவைத்துவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு போய்விடுவார்கள். வலைகளுக்கும் ஒரு நோய் உண்டு என்று சார்தான் நடத்தினார், அடுக்கு அதிகமானால் முன்னடுக்குக்குப் போய்ச் சேர்வதற்குள் தப்பு தேய்ந்து தேய்ந்து ஒன்றுமில்லாமல் ஆகிவிடும், முதல் அடுக்கு கடைசிவரை திருந்தவே திருந்தாது. அதை நடத்தும்போது அவருக்கு ஏதாவது தோன்றியிருக்குமா. தோன்றியிருக்காது, அவர் போர்டைப் பார்த்து நடத்துகிறவர். ஜெபசிங் இப்போது தன் வலை திருந்திய கணக்கைத்தான் படமாகக் காட்டிக்கொண்டிருக்கிறான், கோடு கீழே கீழே இறங்குகிறது, பிழை குறைகிறது, வழவழவென்று அழகாகக் குறைகிறது. எனக்கும் முதலில் இந்தக் கோடு வந்தது, தொண்ணூற்றெட்டும் வந்தது. அன்றைக்கு லேப் பிள்ளைகளுக்கெல்லாம் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்தேன்.

கடலைமிட்டாய் பாக்கி இரண்டை வீட்டுக்குக் கொண்டுபோனதுதான் வினை. என் மாமியார் ஆவுடைத்தங்கம் சர்க்கரைக்காரி, கடலைமிட்டாய் வாசம் மட்டும் தெருமுனையிலேயே தெரியும். என்ன விசேஷம் என்றாள். கண்ணைப் பார்த்து நோய் சொல்கிற மிஷின் செய்திருக்கிறேன், நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு என்றேன், கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன், அவளிடம் பெருமைப்பட எனக்கு வேறு வாய்ப்பே கிடைத்ததில்லை. "அப்ப என் கண்ணக் காட்டு" என்றாள். ஆஸ்பத்திரியில் லேசர் வைப்பதற்கு முன்னால் எடுத்த படங்கள் வீட்டில் சிடியில் இருந்தன, இரண்டு கண்ணிலும் நோய் முற்றிப்போய் அவளுக்கு லேசர் வைத்தார்கள், அதற்குப் பிறகும் பாதிப் பார்வைதான். காட்டினேன். என் மிஷின் இரண்டு கண்ணும் நார்மல் என்றது. மறுபடி ஓட்டினேன், நார்மல், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நிச்சயமாக நார்மல். "ஏளா, நல்லாருக்குன்னா சொல்லுது? அப்ப அந்த டாக்டரு எனக்குச் சூடு வச்சது சும்மாவா? அதுகிட்டயே ஊசியக் குடுத்து நூலக் கோக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டு இரண்டு மிட்டாயையும் தின்றுவிட்டாள். ஜெபசிங்கிடம் கேட்டேன், அவனுடைய மிஷினையும் அனுப்பினான், நல்ல பிள்ளை, கேட்டதும் அனுப்பினான். அதுவும் நார்மல் என்றது. எனக்கு அவளைப் பிடிக்காது, கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கும் என்னைப் பிடிக்காது, ஆனால் அந்தப் பொம்பளை சாப்பாட்டுத் தட்டைக் கையால் தடவிக் கண்டுபிடித்து உட்காருவதைத் தினமும் பார்க்கிறேன். நன்றாக இருக்கிறது என்று ஒரு மிஷின் சொல்லியிருந்தால் அவள் ஆஸ்பத்திரிக்கே போயிருக்க மாட்டாள், போகாமலிருக்கக் காரணம் கிடைக்காதா என்று ஏங்குகிறவள் அவள். அன்றைக்கு எனக்கு ரொம்பக் கேவலமாக இருந்தது.

பிறகு நான் செய்தது ஒன்றுமில்லை, படங்களைத் திறந்து பார்த்தேன், அவ்வளவுதான். மிஷினுக்குப் பார்க்கக் கற்றுக்கொடுக்கிற நாங்கள் யாருமே படத்தைப் பார்த்ததில்லை. சீனியர் தந்த ஃபோல்டர், அவர்களுக்கு அவர்கள் சீனியர் தந்தது, லேப் ரெக்கார்டை வாங்கிப் பார்த்து எழுதுகிற மாதிரியேதான், மிஷினைப் பழக்கும் பாடத்துக்கு இவ்வளவு படம், பழகியதைச் சோதிக்கும் பரீட்சைக்கு இவ்வளவு படம் என்று எந்தப் புண்ணியவானோ சீட்டுக்கட்டைக் கலைக்கிற மாதிரி கலைத்துப் பிரித்துவைத்துவிட்டான், அதை அப்படியே கை மாற்றி வந்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒவ்வொன்றாகத் திறந்தேன், மஞ்சளும் சிவப்புமாக ஒரு வட்டம், நடுவிலிருந்து கிளைவிடும் ரத்தக்குழாய்கள், பார்க்கப் பார்க்கக் கண் பழகியது, பழகியதும் ஒரு கிளை பிரிந்து கொக்கி மாதிரி வளைவதை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று பட்டது. பாடத்துப் படத்தில் பார்த்தேன், இப்போது பரீட்சைப் படத்தில் பார்க்கிறேன். அதே கண். ஃபைல் பெயரைப் பார்த்தால் அதே நோயாளி எண், ஆறு மாதம் கழித்து எடுத்தது. அதற்குப் பிறகு வரிசையாக வந்தது, ஒருவரின் இடக்கண் பாடத்தில், வலக்கண் பரீட்சையில், சிலருக்கு ஒரே கண் இரண்டு பக்கமும். வினாத்தாள் முந்தின நாளே கைக்கு வந்துவிட்டால் கடைசி பெஞ்சுக்காரனும் தொண்ணூற்றெட்டு வாங்குவானே, இதில் என்ன ஆழ்ந்த அறிவு வேண்டிக்கிடக்கிறது. மிஷின் நோயைப் படிக்கவில்லை, ஆளை அடையாளம் வைத்துக்கொண்டிருக்கிறது. தெரியாத ஆளாக என் மாமியார் வந்து நின்றதும் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டது. ஒருவரின் எல்லாப் படங்களும் ஒரே பக்கம் இருக்கும்படி நான் திரும்பப் பிரித்தேன், முதலிலிருந்து பழக்கினேன், எழுபத்தொன்று வந்தது. என்னென்னவோ செய்து பார்த்தேன், எழுபது வரும், எழுபத்திரண்டு வரும், திரும்ப எழுபத்தொன்றில் வந்து நிற்கும். அது உண்மையான எழுபத்தொன்று. அந்த மிஷின் என் மாமியாரின் ஒரு கண்ணையாவது நோய் என்று சொன்னது.

ஆனால் நான் தப்பாக இருந்தால். இதுதான் திரும்பத் திரும்ப வந்து முள்ளாய்க் குத்துகிறது. ஒரு வகுப்பே ஒரு பக்கம், டாக்டர் பட்டம் வாங்கினவர் ஒரு பக்கம், நான் யார், நான் பிரித்ததில் ஏதாவது பிசகியிருந்தால், எண்ணைத் தப்பாகப் படித்திருந்தால். தப்பாகப் படிக்கவில்லை. எத்தனை தடவை பார்த்தாயிற்று. என் வீட்டுக்காரர் தூத்துக்குடியில் கிரேன் ஓட்டுகிறவர், போனில் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வளைஞ்சு குடுத்துட்டு வந்துரேன், ஊருக்கெல்லாம் வர்ற நம்பர் ஒனக்கு வந்தா என்ன குறைஞ்சுபோகும்" என்றார். எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவள் கடைசியில் தோற்றுவிடுவாளோ என்று அவருக்குப் பயம். காலையில் ஜெபசிங் வாசலிலேயே பிடித்துக்கொண்டான், "யக்கா, மாத்திட்டியளா?" இல்லை என்றேன். அவன் கீழே பார்த்துக்கொண்டு, "எனக்கும் தெரியும்க்கா, நீங்க சொன்னதுக்கப்புறம் நானும் தொறந்து பாத்தேன். பாத்து என்ன செய்ய, ஜூன்ல பெங்களூர்ல வேலைக்குச் சேரச் சொல்லிட்டாங்க" என்றான். எனக்கும் ஜூன்தான்டா என்று சொல்ல வாய்வரை வந்தது, சொல்லவில்லை. அவன் மிஷினை என் பிரிப்பில் முதலிலிருந்து பழக்கினால் எவ்வளவு வரும் என்று நான் பழக்கிப் பார்த்திருக்கிறேன், என்னுடையதைவிட மோசம், அதை ஒரு ஸ்லைடாகவே போட்டு வைத்திருந்தேன், அவனைப் பார்த்த பிறகு இங்கே உட்கார்ந்து அதை அழித்துவிட்டேன். அழித்தது சரியா என்று இப்போதும் தெரியவில்லை, அது இருந்திருந்தால் என் கை ஓங்கியிருக்கும். இருக்கட்டும், இருபத்திரண்டு வயசுப் பையன் தலையில் ஏறி நின்றுதான் நான் உயரமாகத் தெரிய வேண்டுமா. ஆனால் கோபம் இருக்கிறது, அவன் மேலும் இருக்கிறது, தெரியும் என்றானே, தெரிந்தும் புள்ளி நாலு என்று அழுத்திச் சொன்னானே. கை தட்டுகிறார்கள். அவன் இறங்கி வருகிறான், என்னைப் பார்க்காமல் போகிறான்.

என் பெயரைச் சார் படிக்கிறார், செண்பகவல்லி, பார்ட் டைம். எழுந்திருக்கும்போது சேலை நாற்காலி ஆணியில் மாட்டுகிறது, இழுக்கிறேன், கிழிகிறது, கிழியட்டும். பென் டிரைவ் மூன்றாவது முயற்சியில்தான் உள்ளே போகிறது. என் குரல் எனக்கே வேறு யாரோ போலக் கேட்கிறது, வகுப்பு எடுத்து எடுத்துத் தடித்த குரல், அதுதான் என்னைக் காப்பாற்றுகிறது, எண்ணைச் சொல்லும்போது அது கம்மவில்லை. எழுபத்தொன்று என்கிறேன். பின்னால் யாரோ சிரித்து அடக்குகிறார்கள். மேடத்தின் பேனா நின்றுவிட்டது.

"செவன்ட்டி ஒன்னா? மத்தவங்க எல்லாருக்கும் தொண்ணூத்தெட்டு வந்திருக்கேம்மா."

நான் வாயைத் திறப்பதற்குள் திரவியம் சார் முந்திக்கொள்கிறார், குரலில் என்ன ஒரு பாசம். "மேடம், இவங்க வேலையும் பாத்துக்கிட்டுப் படிக்காங்க, பாவம். கோடிங்ல ஒரு சின்ன மிஸ்டேக். திருத்திட்டு அடுத்த வாரம் காட்டிருவாங்க, நான் பாத்துக்கிடுதேன். அப்படித்தான, செண்பகவல்லி?"

கதவைத் திறந்து வைத்துவிட்டார். ஆமாம் சார் என்று இரண்டே வார்த்தை, அடுத்த வாரம் பழைய ஃபோல்டரை ஓட்டிக் காட்டினால் போதும், கையெழுத்து, ஜூன், பிரின்சிபாலின் சிரிப்பு, வீட்டுக்காரர் நிம்மதியாகக் கிரேன் ஏறுவார். ஆமாம் சார் என்று எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருக்கிறேன், இன்னொன்று சொன்னால் நாக்கா அழுகிவிடும். பாவம் என்று சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேனோ என்னவோ. பாவமாம். நான் பாவமாம். ஏசித் தண்ணீர் வாளியில் சொட்டுகிறது, எல்லாரும் என் வாயைப் பார்க்கிறார்கள், ஜெபசிங் மட்டும் தரையைப் பார்க்கிறான். இல்லை, நான் தப்பாகப் படிக்கவில்லை.

"இல்ல சார். மிஸ்டேக் என் கோடிங்ல இல்ல."

அடுத்த ஸ்லைடைப் போடுகிறேன். இரண்டு கண்கள், பக்கம் பக்கமாக, இரண்டிலும் அதே குழாய் அதே இடத்தில் கொக்கியாக வளைகிறது. "மேடம், இடது பக்கம் இருக்கிற படம் மிஷினுக்குப் பாடம் சொல்லிக்குடுத்தது. வலது பக்கம் இருக்கிறது பரீட்சைக்கு வச்சது. ரெண்டும் ஒரே ஆளு, ஒரே கண்ணு. நம்ம ஃபோல்டர்ல இப்பிடித்தான் கலந்து கிடக்கு. நான் ஆள் ஆளாப் பிரிச்சேன், அதனாலதான் கொறைஞ்சிருக்கு. ஆஸ்பத்திரிக்குப் புதுசா வாற ஆளுக்கு எங்க யாரோட மிஷினும் தொண்ணூத்தெட்டு சொல்லாது."

மேடம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வருகிறார், திரைக்கு ரொம்பப் பக்கத்தில், அவர் நிழல் ஒரு கண்ணின் மேல் விழுகிறது. விரலால் அந்தக் கொக்கியைத் தொட்டுப் பார்க்கிறார், பிறகு மற்றதை. "ஒரே கண்ணுதான்" என்று மெதுவாகச் சொல்கிறார். சொல்லிவிட்டுத் திரும்பித் திரவியம் சாரைப் பார்க்கிறார். என்னைப் பார்த்து இன்னொரு வார்த்தை சொல்வார் என்று நிற்கிறேன், சொல்லவில்லை, அவரையும் அடுத்த வருடம் சார் இந்த ஊருக்குக் கூப்பிட்டால்தானே வரமுடியும். நாற்காலிக்கே திரும்பிப் போய் உட்கார்ந்துகொள்கிறார்.

"அது டேட்டாசெட் இஷ்யூ மேடம், தனியாப் பேசிக்கிடலாம்" என்கிறார் சார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகுகிறார், எனக்குக் கையெழுத்துப் போடுவதற்காக வெளியே எடுத்த பேனா. என் பக்கம் திரும்பும்போது அந்தப் பாசம் எங்கே போனது என்று தெரியவில்லை. "சரிம்மா. அப்ப நீங்க அடுத்த வருசம் வாங்க."

அடுத்த வருசம் என்றால் ஜூன் போயிற்று, வேலை போயிற்று. கோபம் வந்தால் எனக்கு அழுகையும் கூடவே வரும், வரட்டும், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். நான் உட்காரவில்லை, பென் டிரைவையும் எடுக்கவில்லை. இரண்டு கண்களும் திரையில் அப்படியே இருக்கின்றன.

"வாரேன் சார்" என்கிறேன். "அப்பமும் எழுபத்தொண்ணுதான் வரும்."